அப்புத்தளையில் ஓர் ஆங்கிலச் சிற்றூர்

சென்ற விடுமுறையில் வெள்ளவத்தையிலிருந்து மாணவர் சிலருடன் அப்புத்தளை சென்று அடிசம் மாளிகையைக் கண்டேன். 1931 இல் அக்கற்கட்டடத்தை எழுப்பிய சேர் தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் தாம் பிறந்த சிற்றூரின் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்று அஃது ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடம். நூலறையை விட்டு அகல எனக்கு மனம் வரவில்லை; புத்தகப் பித்து என் பழைய நோய். துறவியர் செய்யும் பழப்பாகு ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு, தேயிலைச் சரிவு வழியே இறங்கினோம்.

லயத்து வாசலில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார்.

"பாட்டி, உங்கள் பூர்வீகம் எந்த ஊர்?" என்றான் ஒரு மாணவன்.

"துறையூர்ப் பக்கமுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு தம்பி. ஊருப் பேருதான் மறந்துபோச்சு."

1948 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியவன் நான். அங்கே வாய் எழவில்லை. மாணவன் தன் குறிப்பேட்டில், மாளிகையின் பெயருக்குக் கீழே, ‘துறையூர்ப் பக்கம்’ என்று எழுதிக்கொண்டான்.