தீபாவளி எந்தப் பட்டியலில்?

கேமரன் மலையின் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால், பேச்சு முடிவதற்குள் பகாங் முடிந்து பேராக் வந்துவிடும். அதே மலை, அதே மூடுபனி. ஆனால் தைப்பூசத்தன்று அந்த எல்லைக்குத் தனி மதிப்பு. பேராக்கில் அன்று பொது விடுமுறை. பகாங்கில் வேலை நாள். ஈப்போ கல்லுமலைக் கோயிலில் காவடி எடுக்க வேண்டிக்கொண்ட, பகாங் பக்கத்துப் புளூவேலி தோட்டத்துக்காரர், லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மலை இறங்க முடியும்.

தைப்பூசம் போகட்டும், தீபாவளி? "அது சட்டப்படி லீவுதானே" என்பார்கள் பலரும். பாதிதான் சரி.

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், பிரிவு 60டி, ஆண்டுக்கு 11 நாள் சம்பளத்துடன் பொது விடுமுறை தரச் சொல்கிறது. அதில் ஐந்தை யாரும் தொட முடியாது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் (பகாங்கில் ஜூலை 30), தொழிலாளர் தினம், மலேசிய தினம். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. சீனப் புத்தாண்டும் ஹரி ராயாவும்கூட இல்லை. மீதி ஆறு நாளை அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறக்கும் முன்பே எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஆக, தீபாவளி இருக்குமிடம் ஆபீஸ் சுவரில் ஒட்டிய அந்த ஒற்றைத் தாள். தமிழர் வேலை செய்யும் தோட்டத்தில் தீபாவளியை விடுபவர் அரிது என்பது வேறு விஷயம். அந்த ஆறில் ஒன்றை இரு தரப்பும் பேசி வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. தைப்பூசத்துக்கு வழி அங்கேதான் இருக்கிறது. டிசம்பரில் கேட்டால் கிடைக்கலாம். பூசத்துக்கு முதல் நாள் கேட்டால் கெஞ்சல்தான்.

தேயிலைக் கொழுந்து பண்டிகை பார்த்துத் துளிர்ப்பதில்லை. விட்டால் முற்றிவிடும். அதனால் விடுமுறை நாளிலும் வேலைக்குக் கூப்பிடலாம். சட்டம் தடுக்கவில்லை, விலையைத்தான் ஏற்றி வைத்திருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென். அந்தச் சம்பளக்காரர் விடுமுறையில் வீட்டில் இருந்தாலும் 65.38 அவருடையது. வேலைக்கு வந்தால் அதோடு இன்னும் இரண்டு நாள் கூலி சேரும், மொத்தம் 196.14. வழக்கமான நேரத்தைத் தாண்டினால் கூடுதல் மணி ஒவ்வொன்றுக்கும் மூன்று மடங்கு.

கிலோ கணக்கில் கொழுந்து எடுப்பவருக்கு "எடைக்குத்தானே கூலி, பறிக்காத நாளுக்கு என்ன?" என்ற பதில் வரக்கூடும். அந்தப் பதில் தவறு. ஒருவர் போன மாதம் 25 நாள் பறித்து 1,875 ரிங்கிட் வாங்கினார் என்று வையுங்கள். அவருடைய ஒரு நாள் கூலி 75. விடுமுறையில் கூடையைத் தொடாமலே 75 கிடைக்க வேண்டும். பறித்தால், 75-உடன் அன்றைய எடைக்கு வழக்கமான கிலோ விலையின் இரு மடங்கு. அரை நாளோடு மழை வந்து நிறுத்திவிட்டாலும் பறித்ததற்கு அதே இரட்டை விலைதான்.

ஒரு கண்ணி உண்டு. விடுமுறைக்கு முந்தின வேலை நாளோ பிந்தின வேலை நாளோ, முன் அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் மட்டம் போட்டால் விடுமுறைச் சம்பளம் போய்விடும். பண்டிகைக்கு ஊருக்குப் போய் ஒரு நாள் தாமதமாகத் திரும்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆண்டு விடுப்பு இதில் சேராது, தனிக் கணக்கு. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகும்வரை 8 நாள், பிறகு 12, ஐந்து ஆண்டு கடந்தால் 16. எம்.சி. என்னும் நோய் விடுப்பு 14, 18, 22 என்று ஏறும். 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45-ஆகக் குறைந்தது.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இன்று கேமரன் மலையின் தேயிலைச் சரிவிலும் காய்கறித் தோட்டத்திலும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிறையப் பேர். அவர்களுக்கும் இதே சட்டம், இதே கணக்கு. ஆனால் சுவரில் உள்ள தாளை அவர்கள் மொழியில் யார் வாசித்துக் காட்டுவது?

சம்பளம் குறைந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் தரலாம். விசாரித்து, பணத்தைக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் அங்கே இருக்கிறது. கையில் இருக்க வேண்டியவை சம்பளச் சீட்டும், எந்த நாள் எத்தனை கிலோ என்று சொந்தமாக எழுதி வைத்த நோட்டும்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஓய்வு நாளாக உள்ள தோட்டத்தில், தாளில் தீபாவளியும் இருந்தால், மறுநாள் திங்கள் சம்பளத்துடன் விடுமுறை. அன்று காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கூப்பிட்டால் அது விடுமுறை நாள் வேலை. நவம்பர் மாதச் சம்பளம் டிசம்பர் 7-க்குள்ளும், விடுமுறை நாள் வேலைக்கான கூலி டிசம்பர் முடிவதற்குள்ளும் கைக்கு வந்தாக வேண்டும். நவம்பர் 9-க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சீட்டில் அப்போது பார்க்கலாம்.