இரகசியத்தைக் காப்பவரைக் கண்காணிப்பவர் யார்?

ஓர் அரசு தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட முடியாது. படைவீரர்கள் எந்த வழியாகச் செல்லப்போகிறார்கள், பயங்கரவாதக் கும்பலைப் பற்றித் தகவல் கொடுத்தவர் யார், நட்பு நாடு நம்பிக்கையுடன் பகிர்ந்துகொண்ட செய்தி என்ன என்பன வெளியே தெரிந்தால் உயிர்கள் பறிபோகலாம். ஆகவே, தேசியப் பாதுகாப்புக்கு இரகசியம் தேவை என்பதை எவரும் மறுப்பதில்லை.

ஆயினும், இரகசியம் என்னும் திரைக்குப் பின்னால் தவறு நடந்தால் அதை யார் கண்டறிவது? மக்களாட்சியில் அரசின் செயல்களைக் கேள்வி கேட்கும் பொறுப்பு நாடாளுமன்றத்திற்கு உண்டு. கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் தகவல் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தகவலே இரகசியம் என்று அரசு கூறிவிட்டால் நாடாளுமன்றம் என்ன செய்யும்? 2009ஆம் ஆண்டில் கனடா நாட்டில் இந்தக் கேள்வி பெரும் விவாதமாக வெடித்தது.

அப்போது கனடாவின் படைவீரர்கள் ஆப்கானிஸ்தானில் போரிட்டுக்கொண்டிருந்தனர். பிடிபட்டவர்களை அவர்கள் ஆப்கானிஸ்தான் அதிகாரிகளிடம் ஒப்படைத்து வந்தனர். அந்நாட்டில் பணியாற்றிய ரிச்சர்ட் கால்வின் என்னும் கனடிய அரசதந்திரி, 2009 நவம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்றின்முன் சாட்சியம் அளித்தார். ஒப்படைக்கப்பட்டவர்கள் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்றும், இது குறித்துத் தாம் முன்பே எச்சரித்ததாகவும் அவர் கூறினார். நம்பத்தகுந்த சான்று இல்லை என்று அரசு மறுத்தது. சித்திரவதை நடக்கும் என்று அறிந்தும் ஒருவரை ஒப்படைப்பது அனைத்துலகச் சட்டத்திற்குப் புறம்பானது. எனவே, அரசுக்கு என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது என்பதே முக்கியக் கேள்வியாயிற்று. அதற்கான விடை அரசின் கோப்புகளில்தான் இருந்தது.

அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் கட்சிக்கு மக்களவையில் பெரும்பான்மை இல்லை. எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து 2009 டிசம்பர் 10ஆம் நாள் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றின. கைதிகள் தொடர்பான ஆவணங்களை ஒரு வரிகூட மறைக்காமல் அவையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அத்தீர்மானம் ஆணையிட்டது. அரசோ அதற்கு இணங்கவில்லை. பின்னர் அது தாக்கல் செய்த தாள்களில் பல பகுதிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆவணங்கள் வெளியானால் களத்தில் இருக்கும் வீரர்களுக்கும் தகவல் தந்தவர்களுக்கும் ஆபத்து நேரும் என்றது அரசு. எதை மறைப்பது என்று அரசே முடிவு செய்தால், தன் தவறுகளையும் அது மறைத்துவிட முடியும் என்றன எதிர்க்கட்சிகள். நாட்டின் பாதுகாப்புக்காக மறைப்பது வேறு. அரசின் பெயருக்குக் களங்கம் வராமல் இருக்க மறைப்பது வேறு. ஆனால், கறுப்பு மை பூசிய ஒரு தாளை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இந்தச் சிக்கல் சபாநாயகர் பீட்டர் மில்லிக்கனிடம் சென்றது. 2010 ஏப்ரல் 27ஆம் நாள் அவர் தம் முடிவை அறிவித்தார். அரசிடமிருந்து ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை மக்களவைக்கு உண்டு. தேசியப் பாதுகாப்பு என்ற காரணம் அந்த உரிமையை நீக்கிவிடாது என்றார். அதே வேளையில், ஆவணங்களை உடனே வெளியிடுமாறு அவர் கூறவில்லை. இரகசியமும் கெடாமல், அவையின் உரிமையும் குறையாமல் ஒரு வழி காணும்படி இரு தரப்புக்கும் இரண்டு வாரம் அவகாசம் அளித்தார்.

வழியும் பிறந்தது. இரகசியம் காப்பதாக உறுதியளித்த சில உறுப்பினர்கள் மட்டும் ஆவணங்களை முழுமையாகப் படிப்பது என்றும், எவற்றை வெளியிடலாம் என்பதை ஓய்வுபெற்ற நீதிபதிகள் முடிவு செய்வது என்றும் மூன்று கட்சிகள் உடன்பட்டன. புதிய ஜனநாயகக் கட்சி இந்த ஏற்பாட்டில் சேர மறுத்தது. 2011 ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 4,000 பக்கங்கள் வெளியிடப்பட்டன. ஆய்வுக்குரிய ஆவணங்களோ ஏறத்தாழ 40,000 பக்கங்கள். அதற்கு முந்திய மாதம் நடந்த தேர்தலில் ஆளும் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்தது. அந்தக் குழு மீண்டும் அமைக்கப்படவில்லை.

தற்காலிக ஏற்பாடு போதாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. பிரிட்டன் இத்தகைய பணிக்கென 1994ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒரு குழுவை அமைத்திருந்தது. கனடாவில் 2017ஆம் ஆண்டில் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. பல கட்சிகளைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர்களும் மேலவை உறுப்பினர்களும் இக்குழுவில் இடம்பெறுகின்றனர். பொதுவாக, நாடாளுமன்றத்தில் பேசியதற்காக ஓர் உறுப்பினர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. இக்குழுவினர் இரகசியத்தை வெளியிட்டால் அந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காது. இரகசியத்தை அறியும் உரிமைக்கு அவர்கள் கொடுக்கும் விலை இது.

இக்குழுவின் அறிக்கை முதலில் பிரதமரிடம் செல்கிறது. பாதுகாப்புக்குத் தீங்கு விளைவிக்கும் பகுதிகளை நீக்குமாறு அவர் கூறலாம். நீக்கப்பட்ட இடங்கள் சிலவற்றில் மூன்று நட்சத்திரக் குறிகள் இடப்படுகின்றன. ஏதோ மறைக்கப்பட்டுள்ளது என்பதையாவது படிப்பவர் அறிந்துகொள்ளலாம். எனினும், உறுப்பினர்களைப் பரிந்துரைப்பவரும் அறிக்கையில் திருத்தம் கோருபவரும் பிரதமரே என்பதால், கண்காணிப்பு முழுமையானதன்று என்று குறை கூறுவோரும் உள்ளனர்.

வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் வீடு வந்து சேராது என்பார்கள். நாட்டைக் காக்கும் வேலியாகப் பாதுகாப்புத் துறைகள் விளங்குகின்றன. அந்த வேலி சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது சென்று பார்ப்பது, வேலியைப் பிடுங்குவதாகாது. எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஆனால், மறைப்பவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாத நிலையும் இருக்கக் கூடாது. கனடாவின் அனுபவம் கற்பிக்கும் பாடம் இதுவே.