உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

கிள்ளான் பண்டமாரானில் இரவு இரண்டு மணிக்கும் சில வீடுகளில் விளக்கு எரியும். துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வந்தவர் அப்போதுதான் படுத்திருப்பார். விடியலில் தொழிற்சாலை பஸ் பிடிக்க வேண்டியவருக்கு இன்னும் இரண்டு மணி நேரத் தூக்கம் பாக்கி. நடுவில் குழந்தை அழும். எழுந்து பால் கலக்கிப் போத்தலை வாயில் வைத்தால் குழந்தை அடங்கும், வீடும் தூங்கும். அந்தத் தாயையோ தகப்பனையோ குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையின் மேல் முன்பற்கள் நிறம் மாறுவது பெரும்பாலும் அந்தப் போத்தலில்தான் தொடங்குகிறது.

பக்கத்து வீட்டு அத்தையின் பேரனுக்கு அப்படித்தான். முன்பல்லில் ஏதோ மங்கலாகத் தெரிகிறதே என்றேன். "பால் பல்லுதானே மா, விழுந்திரும்" என்றார். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பதில். அதில் பாதிதான் உண்மை. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். இரண்டரை வயதுக்குள் முளைக்கும் பால் கடைவாய்ப்பல்லோ பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருந்து சோறு மென்றாக வேண்டும். அதோடு, ஒவ்வொரு பால் பல்லின் வேருக்கு அடியிலும் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் பிடித்தால் கீழே உருவாகும் பல்லின் எனாமல் கெடும். விழுந்த பல்லின் கறை, புதுப் பல்லில் பழுப்புத் திட்டாக வந்து நிற்கும்.

கறுத்த பல்லைப் பார்த்தால் 'பூச்சி' என்போம். பூச்சி எதுவும் கிடையாது. வாயிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலில் இருக்கும் சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. பகலில் எச்சில் அந்த நட்டத்தை ஈடுகட்டிவிடும். தூங்கும்போது எச்சில் ஊறுவது வெகுவாகக் குறையும், பால் மேல் பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். முதலில் தெரிவது கறுப்பு அல்ல, வெள்ளை. ஈறை ஒட்டி, சுண்ணாம்பைத் தொட்டு இழுத்ததுபோல் பளபளப்பில்லாத ஒரு கோடு. பிறகு அது மஞ்சளாகும், பழுப்பாகும், குழி விழும். கீழ் முன்பற்கள் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். உறிஞ்சும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது, எச்சிலும் அங்கேதான் அதிகம் ஊறுகிறது. மேலே நான்கும் கெட்டு, கீழே நான்கும் முத்துப்போல் இருந்தால், பல் டாக்டர் முதலில் கேட்பது போத்தலைப் பற்றித்தான்.

2015இல் மலேசிய சுகாதார அமைச்சு பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய தேசிய ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பத்துப் பேரில் ஏழு பேர். ஏதோ ஒரு வீட்டின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இதற்குப் பழைய வேரும் உண்டு. 1939இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்புக் கட்டிப்பாலைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும்படி விற்றதைத்தான் அவர் கொலை என்றார். அவர் பேசியது உயிரைப் பற்றி, பல்லைப் பற்றியல்ல. ஆனாலும் அந்தப் பால் டப்பா நம் சமையலறையை விட்டுப் போகவே இல்லை. கட்டிப்பாலில் பாதிக்குப் பக்கமாகச் சீனிதான். இன்று போத்தலில் கட்டிப்பால் ஊற்றுகிறவர்கள் குறைவு, அந்த இடத்துக்கு மிலோவும் இனிப்புச் சேர்த்த பால் மாவும் வந்துவிட்டன. டப்பாவைத் திருப்பி, பொருட்களின் பட்டியலில் சீனி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

எல்லா நிறமும் சொத்தை அல்ல. இரும்புச் சத்து மருந்து குடிக்கும் பிள்ளைக்குப் பல்லின் மேல் கறுப்புப் படியும். பல் கிளினிக்கில் தேய்த்தால் போய்விடும், அதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஓடி விழுந்து அடிபட்ட பல் சில நாட்களில் சாம்பல் நிறமாகலாம். சில பற்கள் மாதக்கணக்கில் மெல்லத் தெளியும், சில மஞ்சளாக நின்றுவிடும். ஈறில் சீழ்க் கொப்புளம் தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஏழு வயதில் புதிதாக முளைத்த முன்பல் பக்கத்துப் பால் பல்லைவிட மஞ்சளாக இருக்கிறதே என்று கவலைப்படும் தாய்மார் நிறையப் பேர். நிரந்தரப் பல்லின் இயல்பான நிறமே அதுதான். ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல்லில் பழுப்புத் திட்டும், தண்ணீர் பட்டால் கூச்சமும் இருந்தால் அது வேறு கதை. எனாமல் சரியாக இறுகாத பல் அது, சீக்கிரம் பொடிந்து உதிரும். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஃபுளோரைடு பற்றியும் பயம் பரவிக் கிடக்கிறது. பற்பசையில் இருக்கும் ஃபுளோரைடால் பல் திட்டுத் திட்டாகும் என்று, அது இல்லாத பசையைத் தேடி வாங்குகிறார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உறவு உள்ளவர்கள் பழுப்பேறிய பற்களைப் பார்த்திருப்பார்கள். அது நிலத்தடி நீரில் மிதமிஞ்சிக் கலந்திருக்கும் ஃபுளோரைடின் வேலை. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோயைப் பற்றி, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் ஷார்ட்டும் அவருடைய குழுவினரும் 1937இலேயே எழுதினார்கள். அந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோன ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013இல்தான். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு. மலேசியக் குழாய்த் தண்ணீரில் 2005க்கு முன் 0.7 சேர்த்தார்கள், பற்களில் திட்டு வருவதைக் கவனித்து 0.5ஆகக் குறைத்தார்கள். தருமபுரிக் கிணற்றை நினைத்துக் கிள்ளான் குழாய்க்குப் பயப்பட வேண்டாம். மூன்று வயதுக்குள் பசை ஓர் அரிசி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு. பிள்ளை அதை விழுங்காமல் துப்பப் பழக்குங்கள், போதும்.

தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியாவில் துணி எடுக்கப் போகிறவர்கள் பற்பொடியும் தேடுவதைக் கண்டிருக்கிறேன். உமிக்கரி, எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு என்று பிள்ளையின் பல்லை வெளுக்க வைக்கும் வைத்தியங்கள் கைப்பேசியிலும் வந்து குவிகின்றன. தயவுசெய்து வேண்டாம். பால் பல்லின் எனாமல் பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிக் கனம்தான். கரி அதைத் தேய்க்கும், எலுமிச்சை கரைக்கும். வெள்ளைக் கோட்டைக் குழியாக்க அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

பெற்றோரைத் தயங்க வைக்கும் மருந்து ஒன்று உண்டு. வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த திரவம், சொத்தையில் தடவினால் துளைபோடாமல், ஊசி போடாமல் பெரும்பாலும் சொத்தையை நிறுத்திவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் தடவிய இடம் கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு மாறாது. பழுப்புக்குப் பயந்து போனால் கறுப்பைத் தருகிறார்களே என்று தாய்க்கு மனம் கலங்கும். எனக்குப் புரிகிறது, முன்பல் அல்லவா? ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதா, மூன்று நான்கு வருடம் கறுத்த பல்லோடு விடுவதா என்ற நிலை வந்தால், நான் கறுப்பையே தேர்ந்தெடுப்பேன்.

நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்துப் பல் தாதியை நினைவிருக்கும். மண்டபத்தில் நாற்காலி போட்டு, வரிசையில் நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொல்வார்கள். நியூசிலாந்தைப் பார்த்து 1949இல் பினாங்கில் அந்தப் பயிற்சி தொடங்கியது. இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் செய்த சேவை பெரிது. ஆனால் வெள்ளைக் கோடு வரும் ஒன்றரை வயதுக் குழந்தை எந்தப் பள்ளியின் வரிசையிலும் நிற்பதில்லை. தாதி அதன் வாயைப் பார்க்கும் நேரத்தில் கோடு குழியாகியிருக்கும். ஒரு வயது நிறைவதற்குள் பல்லைக் காட்டிவிட வேண்டும். எப்படியும் ஊசி போட அரசு கிளினிக்குக்குப் போகிறோம், அங்கேயே பல்லையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அத்தையின் பேரனை அன்று மாலை மடியில் கிடத்தினோம். கைப்பேசி விளக்கைப் பிடித்து, மேல் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "அட, ஆமா மா, கோலம் போட்ட மாதிரி இருக்கே" என்றார். மறுநாளே கிளினிக்கில் ஃபுளோரைடு பூசினார்கள். படுக்கப் போகுமுன் பால், அதற்குப் பின் பல் துலக்கல், நடு இரவில் தண்ணீர் மட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பாலைத் திடீரென நிறுத்தாமல், சில நாளுக்கு ஒருமுறை மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினார் அத்தை. முதல் வாரம் பையன் அழுதான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. மூன்றாவது வாரம் அழுகை இல்லை.