பச்சைச் சீழுக்குள் ஒரு பகை

இரும்பையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா மரக்காணம் உப்பளத்தில் வெகுகாலம் உப்பு வாரியவர். சர்க்கரை நோயும் உண்டு. குதிகால் வெடிப்பு புண்ணாகிவிட்டது. கட்டுத்துணியில் பச்சையாகக் கறை படிகிறது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் இரண்டு கிருமிகளின் பெயர்கள்: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா. "இதில் எது சார் புண்ணுக்குக் காரணம்?" என்று கேட்கிறார்.

இரண்டும்தான். அதிலும் இரண்டும் ஒரே இடத்தில் குடியிருப்பதுதான் பெரிய தொல்லை. சர்க்கரை நோயாளிகளின் ஆழமான கால் புண்களில் பல கிருமிகள் கூடியிருப்பது சாதாரணம். சில கூட்டணிகள் எளிதில் புரியும். ஈ.கோலை ஆக்சிஜனைத் தின்று தீர்க்க, ஆக்சிஜனே ஆகாத பாக்டீராய்ட்ஸ் அங்கே செழிக்கும். அந்த பாக்டீராய்ட்ஸ் பென்சிலினை உடைக்கும் நொதியைச் சுரந்தால், பக்கத்திலிருக்கும் மற்ற கிருமியும் பிழைத்துக்கொள்ளும்.

வாசகர் குறிப்பிட்ட ஜோடியின் கதை வேறு. அது பகை.

பச்சை நிறம் சூடோமோனாஸின் வேலை. அது சுரக்கும் பயோசயனின் என்ற நீலச் சாயமும் மஞ்சள்பச்சை நிறமி ஒன்றும் கலந்து அந்த நிறம் வருகிறது. புண்ணிலிருந்து இந்தக் கிருமியை முதலில் பிரித்தெடுத்தவர் பிரான்சின் கார்ல் ஜெஸ்ஸார், ஆண்டு 1882. பயோசயனின் வெறும் சாயமில்லை, ஸ்டாஃபிலோகாக்கஸின் சுவாசத்தைக் குலைக்கும் நஞ்சும்கூட. எச்.கியூ.என்.ஓ. என்ற இன்னொரு பொருளும் அதே வேலையைச் செய்கிறது. போதாக்குறைக்கு, ஸ்டாஃபிலோகாக்கஸை உடைத்து அதிலுள்ள இரும்புச்சத்தையும் சூடோமோனாஸ் உறிஞ்சிவிடும்.

இவ்வளவு அடி வாங்கினால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒழிந்திருக்க வேண்டுமே? ஒழிவதில்லை. அமெரிக்காவின் லூகஸ் ஹாஃப்மன் குழு 2006இல் இதைக் காட்டியது. மூச்சுத் திணறும் ஸ்டாஃபிலோகாக்கஸில் ஒரு பகுதி, சுவாசத்தைக் கைவிட்டு நொதித்தலிலேயே மெதுவாகக் காலம் தள்ளும் வடிவத்துக்கு மாறிக்கொள்கிறது. ஆய்வகத் தட்டில் அது குண்டூசி முனையளவு புள்ளியாகத்தான் தெரியும். டோப்ராமைசின், ஜென்டாமைசின் வகை மருந்துகள் கிருமிக்குள் நுழைய, சுவாசத்தால் அதன் சவ்வில் உண்டாகும் மின்னழுத்தம் வேண்டும். சுவாசம் நின்ற கிருமிக்கு இந்த மருந்தைக் கொடுப்பது, கரண்ட் போன வீட்டில் காலிங் பெல்லை அழுத்துவது போலத்தான். எதிரி கொடுத்த அடியே கவசமாகிவிடுகிறது.

இந்தக் குட்டிப் புள்ளிகள் கண்ணில் படவே இரண்டு மூன்று நாள் ஆகலாம். மறுநாளே தட்டைத் தூக்கிப் போட்டால் ரிப்போர்ட்டில் சூடோமோனாஸ் மட்டுமே இருக்கும்.

இரண்டையும் ஆய்வகம் பிரிப்பது எதைக் கொண்டு தெரியுமா? உப்பு. 7.5 சதவீத உப்பு போட்ட ஊடகத்தில், அதாவது கடல்நீரைவிட இருமடங்கு கரிப்பில், சூடோமோனாஸ் பெரும்பாலும் தலையெடுக்காது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸோ சுகமாக வளர்ந்து, சிவந்த ஊடகத்தை மஞ்சளாக்கிவிடும். உப்புத் தண்ணீரில் நின்றால் புண் தானாக ஆறும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். கடல்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் பாத்தியில் உப்பு படியத் தொடங்கும். அந்தக் கரைசலில் நாளெல்லாம் நிற்கும் பாதத்தில் வெடிப்பு விழாமல் என்ன செய்யும்? நம் சாம்பாருக்கு உப்பு தருகிறவருக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தருவதைச் செலவாகப் பார்க்கும் வழக்கம் வெட்கக்கேடு.

மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் நாலு மாத்திரையும் அந்த உப்புத் தண்ணீர் ரகம்தான். ஒரு கிருமி அடங்கும், இன்னொன்று இடத்தைப் பிடிக்கும்.

இரும்பை வாசகருக்கு ஜிப்மர் தூரமில்லை. அப்பாவை அழைத்துப் போங்கள். ஆன்டிபயாடிக்கை மாற்றும் முன் மறுபடி கல்ச்சர் தேவையா என்று கேளுங்கள். மேலே வழியும் சீழைவிட, புண்ணைச் சுத்தம் செய்தபின் அடியிலிருந்து எடுக்கும் திசுவே சரியான விடை தரும். இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.