பாட்டுக்கு ஏன் பூட்டு?

காலையில் காப்பி கலக்கும்போதே பாட்டுக் கேட்க வேண்டும் என்பது நம் வீடுகளில் புதிய பழக்கமல்ல. முன்பு ரேடியோப் பெட்டி பாடிற்று. பிறகு டேப் ரிக்கார்டர் பாடிற்று. இன்று மாதச் சந்தா கட்டினால், லட்சக் கணக்கான பாட்டுக்கள் இணையத்தின் வழியாகக் கூடத்துக்கே வந்துவிடுகின்றன. சௌகரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்த யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்கிறோம் என்பதில்தான் சங்கதியே இருக்கிறது!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்ட் கம்பெனி அளித்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போடலாமென்றால், பழைய லாப்டாப்புகள் பலவற்றில் அதற்கு வேண்டிய அம்சங்கள் இல்லை. நன்றாக உழைக்கும் யந்திரத்தைப் பழைய சாமான் கடையில் போட எந்தக் குடும்பத் தலைவிக்குத்தான் மனம் வரும்? "லினக்ஸ் போட்டுவிடலாம், அம்மா! ஒரு பைசாச் செலவில்லை" என்கிறான் காலேஜில் படிக்கும் பிள்ளை. அவன் சொல்வது நியாயமே. பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் தொடங்கிய காரியம் அது. அதன் உட்புறத்தை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கடிதம் எழுத, வரவு செலவு பார்க்க, மின்சாரக் கட்டணம் கட்ட, எல்லாவற்றுக்கும் பழைய லாப்டாப் சுறுசுறுப்பாக ஓடுகிறது.

பாட்டு என்று வரும்போதுதான் சுருதி பேதம்!

ஆப்பிள் மியூஸிக், அமேஸான் மியூஸிக் இரண்டுக்கும் விண்டோஸில் தனி ஆப் உண்டு; லினக்ஸில் கிடையாது. ஸ்பாட்டிஃபை கம்பெனியின் ஆப் லினக்ஸிலும் இருக்கிறது. ஆனால் அது அந்தக் கம்பெனியின் எஞ்சினீயர்கள் தங்கள் ஆசைக்காகச் செய்து வைத்திருப்பது. மற்றவற்றுக்கு உள்ள முறையான கவனிப்பு அதற்கு இல்லையென்று கம்பெனியே சொல்லிவிடுகிறது. மற்றபடி பிரௌஸரைத் திறந்துதான் பாட்டுக் கேட்க வேண்டும்.

எந்த வழியாய் வந்தால் என்ன, பாட்டுப் பாட்டுத்தானே என்று தோன்றலாம். அப்படியல்ல. ஆப்பில் பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாத நேரத்திலும் கேட்கலாம். பிரௌஸரில் பெரும்பாலும் அது நடவாது. மிக உயர்ந்த ஒலித் தரத்தையும் சில கம்பெனிகள் ஆப்புக்கு மட்டுமே தருகின்றன. சந்தாவோ எல்லோருக்கும் ஒன்றுதான்! கீழ் வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே வாடகை; மாடியில் மட்டும் குழாயில் தண்ணீர் வராது என்றால் நாம் சும்மா இருப்போமா?

பிரௌஸரிலும் ஒரு பூட்டு உண்டு. பாட்டுத் திருட்டுப் போகாமலிருக்க, பூட்டி அனுப்புகிறார்கள். கூகிள் கம்பெனியின் 'வைட்வைன்' அத்தகைய பூட்டுக்களில் ஒன்று. அதற்குரிய சாவி குரோம் பிரௌஸருடனேயே வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் நாம் அனுமதி கொடுத்த பிறகே வரும். குரோமியம் போன்ற திறந்த பிரௌஸர்களில் பெரும்பாலும் சாவியே இராது. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பாட்டு வராது. லினக்ஸ், எல்லாவற்றையும் திறந்து காட்டும் உலகம். சாவியோ, உள்ளே இருப்பதைக் காட்டக் கூடாத பொருள். ஜாதகப் பொருத்தம் எப்படி அமையும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் கையிலுள்ள ஆண்டிராய்டு போனுக்கு அஸ்திவாரமே லினக்ஸ்தான்! அதில் இந்த ஆப்களெல்லாம் அழகாகப் பாடுகின்றன. இணையத்தின் மறு கோடியில் இருந்துகொண்டு நமக்கு எல்லாவற்றையும் அனுப்பும் பெரிய கம்ப்யூட்டர்களிலும் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுபவையே. அடுப்படியில் வெந்தவனுக்குப் பந்தியில் இலை இல்லை!

ஆகவே, முடியாமல் இல்லை, கணக்குத்தான் காரணம். உலகில் 100 மேஜைக் கம்ப்யூட்டர்களை எண்ணினால் லினக்ஸ் உள்ளவை 4 அல்லது 5 தேறும். அதிலும் உபுண்டு, மிண்ட், ஃபெடோரா என்று பல கிளைகள். ஒவ்வொன்றிலும் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். இது வியாபாரிக்கு நியாயமாக இருக்கலாம். ஆனால், சந்தா வாங்கும்போது அந்த 4, 5 பேரை ஒதுக்குவதில்லையே!

லினக்ஸுக்கு மாற நினைக்கும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள்: லினக்ஸ் மிண்ட் போன்றவற்றை லாப்டாப்பில் பதிக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டி, உங்கள் பாட்டு வருகிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். வருஷச் சந்தாவை ஒரேயடியாகக் கட்டாமல், ஒரு மாதம் பார்த்துப் பிறகு முடிவு செய்யுங்கள். ஆர்வலர்கள் செய்து வெளியிடும் ஆப்களும் இருக்கின்றன. அவை திடீரென்று ஒரு நாள் நின்றுபோகலாம். ஆகையால், யார் செய்தது என்று தெரியாத ஆப்புக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அலமாரியிலுள்ள பழைய ஸி.டி.க்களைத் தூக்கி எறிய வேண்டாம். அவற்றிலுள்ள பாட்டை லாப்டாப்பில் ஏற்றிவிட்டால் லினக்ஸில் தடையின்றிப் பாடும், வி.எல்.ஸி. என்ற இலவசச் சாதனமே போதும். சந்தாப் பாட்டு, வாடகை வீடு. சந்தா நின்றால் நாம் வருஷக் கணக்கில் சேர்த்த பாட்டுக்களும் கைவிட்டுப் போகும். சொந்தப் பாட்டை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: சந்தா எல்லோருக்கும் ஒன்று என்றால், சங்கீதமும் ஒன்றாக இருக்கட்டும். அது முடியாதென்றால், குறைந்த வசதிக்குக் குறைந்த சந்தா வாங்குங்கள். சந்தாதாரர்கள் இதை எழுதிக் கேட்பதில் தப்பே இல்லை.