கேட்பது ஓசையையா, பெட்டியையா?



உங்கள் வீட்டுப் பரணிலோ, அலமாரியின் மேல்தட்டிலோ, பழைய துணி போர்த்திய ஒரு டேப்ரிக்கார்டர் இன்னமும் இருக்கக்கூடும். ஸபர் போயிருந்த வாப்பாவோ, காக்காவோ, மச்சானோ அந்த 'டூ-இன்-ஒன்' பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து இறங்கிய நாளையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெருவே திரண்டு வந்து பார்த்த பெட்டி அது. காலையில் கிராஅத்தும், மாலையில் நாகூர் ஹனீபா அவர்களின் கணீர்க் குரலும் அதிலிருந்து எழுந்து நான்கு வீடுகள் வரை கேட்கும்.

அந்தப் பெட்டிக்கு வேறொரு பணியும் இருந்தது. தம்மாமிலும் துபாயிலும் இருந்தவர்கள் கடிதத்திற்குப் பதிலாக கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களின் கையில் கொடுத்தனுப்புவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார்கள் அதே கேசட்டின் மறுபக்கத்தில் தங்கள் மறுமொழியைப் பேசி அனுப்பினார்கள். என் வாப்பாவும் அவ்வாறு பேசி அனுப்பியவர்தாம். அவர்கள் மர்ஹூமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அக்கேசட்டுகளில் ஒன்றே ஒன்று எஞ்சியுள்ளது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இக்கட்டுரை ஓர் ஒப்புதல் வாக்குமூலம் என்றே கொள்ளுங்கள். மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு, வீட்டில் நல்ல ஒலிக்கருவிகளை வைத்துக் கேட்பதில் தீராத ஈடுபாடு உண்டு. (இசைக்கருவிகள் குறித்த மார்க்கச் சட்ட விவாதத்திற்குள் நான் இங்கே நுழையவில்லை. நான் கேட்பவை பெரும்பாலும் கிராஅத்தும், பைத்தும், சொற்பொழிவும்தாம்.) பத்தாண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கினேன். மிஸ்ரு நாட்டுக் காரிகளின் மூச்சு வாங்கும் ஓசை கூடத் தெளிவாகக் கேட்டது. மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஆறு மாதங்கள் நீடித்தது.

அதன் பிறகு, 'இதைவிடச் சிறந்தது இருக்குமே' என்ற எண்ணம் புகுந்தது. இந்நோய் கண்டவர்களுக்கு அதன் குறிகள் தெரியும். ஸூரத்தின் பாதியில் எழுந்து சென்று ஒயரைத் தொட்டுப் பார்ப்பது. ஒரே பதிவின் முதல் அரை நிமிடத்தை மட்டும் இருபது முறை போட்டுக் கேட்பது. புதிய கருவி வந்து சேர்ந்த அன்றே அடுத்ததன் விலையை விசாரிப்பது.

நகரத்துக் கடையொன்றில் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். இரண்டு ஆம்ப்ளிபயர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது மிக உயிரோட்டமாக இருந்தது. வாங்கி வந்துவிட்டேன். அதன் ஒலி அளவு முதலாவதைவிடச் சிறிது கூட்டி வைக்கப்பட்டிருந்தது என்பது வெகுகாலம் கழித்தே எனக்கு உறைத்தது. ஒரே ஓசையைச் சற்று உரக்க ஒலித்தால் மனிதச் செவி அதனை 'உரத்தது' என்று சொல்லாமல் 'சிறந்தது' என்றே சொல்லும். இது செவியின் இயல்பு. இரண்டின் அளவையும் சமமாக வைத்துக் கேட்டாலன்றி எந்த ஒப்பீடும் செல்லாது.

வாட் கணக்கிலும் இப்படியே ஏமாறுகிறோம். 50 வாட் கருவியை விற்று 100 வாட் வாங்கினால் ஓசை இரு மடங்காகும் என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் அதனால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஓரளவு உணரத்தக்க மாற்றம், அவ்வளவுதான். ஓசை இரு மடங்காக நம் செவிக்குத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு ஆற்றல், அதாவது 500 வாட் தேவை! ஆனால் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நிதானமாகக் கேட்கும்போது நாம் செலவிடுவது பெரும்பாலும் ஒரு வாட் அளவிலேயே இருக்கும். எஞ்சிய வாட்டுகள் எல்லாம் பெட்டிக்குள் உறங்குகின்றன. அவற்றுக்கும் சேர்த்தே நாம் விலை கொடுத்தோம்.

இன்னொன்று. 1982இல் காம்பேக்ட் டிஸ்க் சந்தைக்கு வந்தது. அதில் ஒரு நொடி ஓசை 44,100 கூறுகளாக அளக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 16 பிட் எண்ணாகப் பதிகிறது. மனிதச் செவி கேட்கும் எல்லை அதிகம் போனால் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் சுருங்கும். குறுந்தகடோ 22,000 ஹெர்ட்ஸ் வரை பதிய வல்லது. எனினும் அதைவிட நுண்ணிய பதிவுகள் வேண்டும் என்று அதிக விலைக்கு விற்றார்கள். நானும் தேடி ஓடினேன். அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இதைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டனர். நுண்பதிவை அப்படியே ஒருமுறையும், குறுந்தகட்டின் அளவுக்குக் குறைத்து ஒருமுறையும், எது எதுவென்று கூறாமல் ஒலிக்கச் செய்தனர். 554 முறை கேட்கப்பட்டதில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது 276 முறை. காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்த்திருந்தாலும் இதே கணக்குத்தான் வந்திருக்கும்.

இந்த விவரங்களை முன்னரே அறிந்திருந்தால் நான் திருந்தியிருப்பேனா? ஐயமே. என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு மழைக்காலம்.

எங்கள் வீட்டின் பின்கட்டு ஓடு வேய்ந்தது. அதை மாற்றுவதற்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்து வைத்திருந்த தொகை என் கையில் இருந்தது. ஐப்பசி பிறக்க இரண்டு மாதம் இருந்தபடியால், 'அதற்குள் புரட்டிவிடலாம்' என்று எண்ணி, அத்தொகையில் ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர்களை வாங்கினேன். வீட்டில் கேட்டதற்கு, 'தவணைக்குத்தான்' என்று மழுப்பினேன். பணம் புரளவில்லை, மழையோ வந்துவிட்டது. உம்மா படுத்திருந்த அறையில் மூன்று இடங்களில் ஒழுகிற்று. கட்டிலை நகர்த்தி, ஒழுகும் இடங்களில் அண்டாவும் வாளியும் வைத்தோம்.

அன்றிரவு நான் கூடத்தில் அமர்ந்து ஷெய்கு மஹ்மூது கலீல் அல்-ஹுஸரி அவர்களின் கிராஅத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் ஓதி நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும், அந்த அமைதியில், உள்ளறை வாளியில் நீர் சொட்டும் ஓசை தெளிவாகக் கேட்டது. என் மனைவி வாசற்படியில் நின்று, கோபமேதுமின்றி, "நீங்க ஓதுறதைக் கேக்குறீங்களா, இல்ல பெட்டியைக் கேக்குறீங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அப்போது எந்த ஆயத் ஓதப்பட்டது என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஓதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவனின் நிலை இது!

அந்த ஸ்பீக்கர்களை நட்டத்திற்கு விற்றேன். காக்கா அனுப்பிய தொகையும் சேர்ந்து, தை மாதத்தில் ஓடு மாற்றப்பட்டது. பழைய சிறிய ஸ்பீக்கர்கள் மீண்டும் மேசைக்கு வந்தன.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கனாஅத் எனப்படும் போதுமென்ற மனத்தைப் பற்றி நான் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். நல்ல ஓசையைக் கேட்கக் கூடாது என்று அதற்குப் பொருள் கொள்வாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருப்பதிலிருந்து கிடைக்கக்கூடிய அனைத்தையும் பெற்றுவிட்டோமா என்று பார்ப்பதும் அதிலேயே அடங்கும் என்பது என் எண்ணம். அப்படிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் என் அறையை முதன்முதலாகக் கவனித்தேன்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சிமெண்டுச் சுவர், மொசைக் அல்லது டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை. நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். 'டர்ர்' என்று ஓர் அதிர்வு தொடர்ந்தால், உங்கள் அறை எந்த உயர்ந்த கருவியையும் கெடுத்துவிடும் என்று அறிந்துகொள்ளலாம். தரையில் ஜமுக்காளம் விரித்தேன். எதிர்ச்சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டேன். கிதாபுகள் அடுக்கிய அலமாரிகளைப் பக்கச் சுவருக்கு மாற்றினேன். மேடுபள்ளமாக நிற்கும் நூல் வரிசை ஓசையைச் சிதறடித்து எதிரொலியின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. மீண்டும் கைதட்டியபோது அதிர்வு வெகுவாக அடங்கியிருந்தது.

(பல பள்ளிவாசல்களில் பயான் புரியவில்லை என்று மேலும் மேலும் ஸ்பீக்கர் வாங்கி மாட்டுகிறார்களே, அங்கும் குற்றவாளி பெரும்பாலும் எதிரொலிதான். ஸ்பீக்கரைக் கூட்டக் கூட்டக் குழப்பம் கூடும். நிர்வாகிகள் செவிசாய்க்க வேண்டும்.)

அடுத்து, உட்காரும் இடம். நான் சுவரில் சாய்ந்து அமர்ந்துதான் எப்போதும் கேட்பேன். என் அறையின் நீளம் 12 அடி. அந்த நீளத்திற்கு 47 ஹெர்ட்ஸ் அளவிலும், அதன் மடங்குகளான 94, 141 ஹெர்ட்ஸ் அளவிலும் ஓசை சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். ஆணின் பேச்சுக் குரலின் அடிநாதம் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே காரியின் குரலில் சில ஸ்வரங்கள் மட்டும் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் 'கும்' என்று வீங்கின. இத்தேக்கம் சுவரோரத்தில்தான் உச்சம். பாயை மூன்றடி முன்னே இழுத்துப் போட்டேன். வீக்கம் பெருமளவு வடிந்துவிட்டது. இரண்டு ஆம்ப்ளிபயர்களை மாற்றியும் தீராத குறை, பாயை இழுத்ததில் தீர்ந்தது!

ஸ்பீக்கர்களை அறையின் இரு மூலைகளிலும் ஒட்டி வைப்பதும் நம் வழக்கம். மூலை, கனத்த ஓசையை அளவுக்கு மீறிப் பெருக்கும். அவற்றையும் வெளியே நகர்த்தி, இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் எனக்கு உள்ள தூரமும் சமமாக இருக்குமாறு வைத்தேன். நாற்காலியில் அமர்பவர்களுக்கென அமைந்த உயரம் தரையில் அமரும் நமக்குப் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். பாயில் சம்மணமிட்டவரின் செவி இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும். ஸ்பீக்கரில் மெல்லிய ஓசை எழும் சிறு வட்டம் அந்த உயரத்திற்கு வருமாறு தாழ்வான மணையில் வைத்தேன். ஒயருக்கு என்று தனிச் செலவு எதுவும் செய்யவில்லை. சில அடி தூரத்திற்கு ஓரளவு கனமான செம்புக் கம்பி போதும். தங்க முலாமைக் காட்டி எவரேனும் அழைத்தால் அந்தத் தெரு வழியே போகாதீர்கள்.

இனி வாப்பாவின் கேசட்டுக்கு வருகிறேன். அதைப் பல ஆண்டுகளாக நான் கேட்கவே இல்லை. விலை உயர்ந்த ஒரு கேசட் டெக்கில் ஒருமுறை போட்டபோது, போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு பேசுவதுபோல் குரல் மங்கி வந்தது. நாடா அழிந்துவிட்டது என்று முடிவு கட்டி, மனம் கசந்து எடுத்து வைத்துவிட்டேன்.

எங்களூர்க் கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். இப்போது மிக்ஸியும் கிரைண்டரும்தாம் அவரிடம் வருகின்றன. ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "நாடா கெடலை தம்பி. அத கொண்டாங்க" என்றார். டெக்கைத் திறந்து, ஹெட்டின் அருகே இருந்த சிறு திருகாணியில் ஸ்குரூ டிரைவரை வைத்து, கேசட்டை ஓடவிட்டபடியே மயிரிழை அளவு திருப்பினார். போர்வை விலகியது. வாப்பா என் முன்னே உட்கார்ந்து பேசுவதுபோல் குரல் எழுந்தது.

விளக்கம் எளிது. பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட் நாடாவின் குறுக்கே எந்தச் சாய்வில் நின்றதோ, ஒலிக்கும் ஹெட்டும் அதே சாய்வில் நிற்க வேண்டும். இம்மி பிசகினாலும் மெல்லிய ஓசைகள் மறைந்துவிடும். நீங்களாகத் திருகிவிடாதீர்கள், அதன்பின் மற்றக் கேசட்டுகள் எல்லாம் மங்கிவிடும். அவர் அதைக் கணினியில் பதியும் வரை காத்திருந்து, திருகாணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒரு டீ மட்டும் குடித்தார்.

அந்தப் பதிவில் 'உஸ்' என்ற இரைச்சல் இருக்கிறது. பின்னணியில் அறைக்கூட்டாளி ஒருவர் பாத்திரம் கழுவும் ஓசை கேட்கிறது. எந்தக் கருவியாலும் அதைத் தூய்மையாக்க முடியாது. ஹுஸரி அவர்கள் 1961இல் முழுக் குர்ஆனையும் பதிவு செய்த ஓசைக்கும் அக்கால நுட்பத்தின் எல்லை உண்டு. அன்று பதியாத ஒன்றை இன்றைய கருவி எதுவும் ஈடுசெய்ய இயலாது. இதை உணர்ந்தபின், விலைப்பட்டியல்களைப் புரட்டும் வேகம் எனக்குத் தானாகவே குறைந்தது. முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

வாப்பாவின் குரலைக் கூடத்தின் ஸ்பீக்கர்களில் உம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இவ்வளவு சத்தமா அவுங்க பேச மாட்டாங்க. அந்தப் பழைய பொட்டியில போடு வாப்பா" என்றார்கள். பரணிலிருந்து டூ-இன்-ஒன்னை இறக்கி, இற்றுப்போன பெல்ட்டை அதே முதியவரிடம் மாற்றி வாங்கி வந்தேன். அது இப்போது உம்மாவின் கட்டிலருகே இருக்கிறது. அஸர் தொழுதபின் சில நாட்களில் அவர்களே பொத்தானை அழுத்திக் கேட்கிறார்கள்.