ஓடுங்க... ஆனா நாடியைக் கேட்டுட்டு ஓடுங்க!

காலை ஐந்தரை மணிக்கு மெரினா கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். நாற்பது, ஐம்பது வயசுக்காரர்கள் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். பத்து கிலோமீட்டர், அரை மாரத்தான் என்று ஆளுக்கொரு லட்சியம். ரொம்ப நல்ல விஷயம். ஆனால், சிலர் நாக்குத் தள்ள ஓடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கவலை!

நெடுந்தூரம் ஓடிப் பழக வேண்டுமானால், பெரும்பாலான நாட்கள் நிதானமாகத்தான் ஓட வேண்டும். எது நிதானம் என்று உங்கள் இதயத் துடிப்புதான் சொல்லும். '220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு' என்ற கணக்கு பலருக்கும் தெரியும். 45 வயது என்றால் 175. இது வெறும் சராசரி. பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சகஜம்.

நாடி பார்க்கும் எங்களுக்கு, ஒரே வயசுள்ள இரண்டு பேர் ஒன்றல்ல. ஃபின்லாந்தைச் சேர்ந்த கார்வோனன் பெயரால் வழங்கும் முறையும் (அவரது ஆய்வு வெளிவந்தது 1957-ல்) அதைத்தான் சொல்கிறது: ஓய்வில் இருக்கும்போது உள்ள துடிப்பையும் கணக்கில் சேருங்கள்.

காலையில் கண் விழித்ததும், காபிக்கு முன்னால், படுத்தபடியே மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரல்களை வையுங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதிலேயே ஒரு துடிப்பு உண்டு! முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணி, சராசரி எடுங்கள்.

உங்களுக்கு வயது 45, ஓய்வுத் துடிப்பு 70 என்று வைத்துக்கொள்வோம். 175-ல் 70 போனால் 105. அதில் 60 சதவீதம் 63. அதோடு 70-ஐக் கூட்டினால் 133. இதேபோல 70 சதவீதத்துக்குப் போட்டால் சுமார் 143. ஆக, உங்கள் நிதான ஓட்டம் 133-லிருந்து 143 வரை. அதே வயசில் ஓய்வுத் துடிப்பு 56 உள்ள உங்கள் நண்பருக்கோ 127-லிருந்து 139. அவர் வாட்ச்சைப் பார்த்து நீங்கள் ஓடக் கூடாது.

இன்னொரு சோதனையும் உண்டு. பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா? கணக்கு ஒன்று சொல்லி, மூச்சு வேறு சொன்னால், மூச்சை நம்புங்க. மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கே துடிப்பு ஏறும், வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பி.பி.க்காக அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. துடிப்பை அடக்கி வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே! 'வாட்ச்சுல 110-ஐத் தாண்ட மாட்டேங்குதே' என்று வேகத்தைக் கூட்டினால், இதயத்தைச் சாட்டையால் அடிப்பது போலத்தான். அதைவிட ஆபத்து, 'ஓடுறோமே, மாத்திரை எதுக்கு?' என்று சட்டென்று நிறுத்துவது. அடங்கியிருந்த துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறிவிடும். சிலருக்கு மாரடைப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். "சித்த மருந்து ஆரம்பிச்சாச்சே, அதை விட்டுடலாமா டாக்டர்?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீங்க.

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகைப்பவர்கள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசில் மாரடைப்பு வந்த குடும்பத்தவர்கள், ஓட ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்த்து, ஈ.சி.ஜி., டிரெட்மில் சோதனை தேவையா என்று கேளுங்கள். எண்ணும்போது நாடி தாளம் தப்பினாலும் காட்டிவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு அடைத்தாலோ, தாடையிலோ இடது கையிலோ வலி பரவினாலோ, கண் இருட்டினாலோ உடனே நின்று 108-க்குப் போன் போடுங்கள்.